கதிர்க்கல் சேர்க்கும் நெறி

மரி கியூரி 1903இல் பாரிஸில் முனைவர் பட்டத்துக்கு அளித்த ஆய்வேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. யுரேனியமோ தோரியமோ கலந்த கனிமங்களைப் பொடித்து, தகட்டில் பரப்பி, அவை காற்றில் உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறார். யுரேனிய உலோகத்துக்கு 2.3. பிட்ச்பிளெண்ட் என்ற ஒரே கறுப்புக் கல் அதே அட்டவணையில் நான்கு வரிகளில் வருகிறது. யோஹான்கியோர்கென்ஸ்டாட் கல்லுக்கு 8.3, யோவாகிம்ஸ்தால் கல்லுக்கு 7.0, பிர்ஷிப்ராம் கல்லுக்கு 6.5, கார்ன்வால் கல்லுக்கு 1.6. கல் ஒன்று, ஊர் நான்கு, அளவும் நான்கு. ஊர்ப்பெயர்களை அடித்துவிட்டால் அந்த நான்கு வரிகளும் ஒன்றையொன்று பொய்யாக்கும்.

யுரேனியக் கனிமம் சேர்க்க விரும்புவோர் முதலில் படிக்கவேண்டியது இந்த அட்டவணையைத்தான். நான் இங்கே வற்புறுத்த வருவதும் இதிலிருந்து பிறப்பதே. ஊர் தெரிந்த கல்லைத்தான் சேர்க்கவேண்டும். எந்தச் சுரங்கத்தின் எந்த ஆழத்தில் எவர் எடுத்தது என்ற சீட்டோடு இருக்கும் கல் ஓர் ஆவணம். சீட்டு தொலைந்த கல் அலமாரியில் கிடக்கும் கதிர் மூலம், அவ்வளவே. அதன் தீங்கு முழுதும் நம்மிடம் இருக்கும், பயன் போய்விட்டிருக்கும்.

மரி கியூரிக்கு அந்தக் கற்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் பார்க்கவேண்டும். 1898 ஏப்ரல் 12 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் காப்ரியேல் லிப்மன் அவர் சார்பில் அளித்த முதல் குறிப்பில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கனிமவியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் லாக்ருவா மாதிரிகள் தந்து உதவியதற்கு நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் பிறப்பிடம் எழுதிய சீட்டோடு காத்திருந்த கற்கள் அவை. அவற்றைச் சேர்த்துவைத்தவர்களுக்குக் கதிரியக்கம் என்று ஒன்று உண்டென்றே தெரியாது. நிறத்துக்காகவும் படிக வடிவுக்காகவும் சேர்த்தார்கள். ஊரை மறக்காமல் எழுதிவைத்தார்கள். அந்தப் பழக்கத்தின் பலனைத்தான் மரி கியூரி அனுபவித்தார்.

அவருடைய சோதனைகளில் நான் மிகவும் மதிப்பது சால்கோலைட் சோதனை. இன்று டார்பர்னைட் என்று அழைக்கப்படும் பச்சைக் கனிமம் அது. செம்பும் யுரேனியமும் கலந்த பாஸ்பேட். இயற்கையில் கிடைத்த கல் 5.2 காட்டியது, யுரேனிய உலோகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். யுரேனியம் ஒரு பங்குதான் கலந்திருக்கும் கல், யுரேனியத்தையே எப்படி மிஞ்சும்? அவர் அதே கனிமத்தைத் தம் ஆய்வகத்திலேயே செய்தார். யுரேனிய நைட்ரேட் கரைசலையும் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்த செம்பு பாஸ்பேட்டையும் கலந்து 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிவைக்க, சிறிது காலத்தில் படிகங்கள் தோன்றின. சேர்மானம் ஒன்றே, படிகமும் ஒன்றே. ஆனால் செய்த கல்லின் கதிர் யுரேனியத்தினுடையதைவிட இரண்டரை மடங்கு குறைவு, யுரேனியப் பங்குக்கு எவ்வளவு இருக்கவேண்டுமோ அவ்வளவுதான். ஆகவே சுரங்கத்துக் கல்லில் வேறு ஏதோ ஒன்று ஒளிந்திருக்கவேண்டும். 1898 ஜூலையில் பொலோனியமும் டிசம்பரில் ரேடியமும் அறிவிக்கப்பட்டன. சுரங்கத்தில் பிறந்த கல்லுக்கும் ஆய்வகத்தில் செய்த கல்லுக்கும் உள்ள வேறுபாடு இப்படி நிறுவப்பட்ட பிறகு, சுரங்கத்துக் கற்களைச் சேர்ப்பதற்கு வேறு நியாயம் தேடவேண்டியதில்லை.

இனி ஊர்களுக்கு வருவோம். எல்லா ஊர்களையும் சொல்ல இடமில்லை. ஒன்றை விரிவாகச் சொன்னால் மற்றவற்றின் முறை விளங்கும்.

யோவாகிம்ஸ்தால் இன்று செக் நாட்டில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய மலையில், யாக்கிமோவ் என்ற பெயரோடு இருக்கிறது. 1516இல் வெள்ளிக்காக எழுந்த ஊர். ஷ்லிக் பிரபுக்கள் அவ்வூர் வெள்ளியில் அடித்த தாலர் நாணயம் ஐரோப்பா முழுதும் செலாவணியானது. 1527இல் அவ்வூருக்கு மருத்துவராக வந்தவர் கியோர்கியஸ் அக்ரிகோலா. சுரங்கத் தொழிலைப் பற்றிய அவருடைய பெருநூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல் பாசல் நகரில் அச்சேறியது. வெள்ளி தேடிய தொழிலாளர் கனமான கறுப்புக் கல் ஒன்றைக் கண்டால் வெளியே கொட்டினார்கள். அது தலைப்பட்டால் வெள்ளி நரம்பு முடியப்போகிறது என்பது அவர்கள் அனுபவம். அந்தக் கல்தான் பிட்ச்பிளெண்ட். 1789இல் பெர்லின் வேதியியலார் மார்ட்டின் க்ளாப்ரோத் அதில் புதிய தனிமம் ஒன்று இருப்பதாக அறிவித்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பெயரை அதற்கு இட்டார். அவர் கையில் கிடைத்தது ஆக்சைடு. உலோகத்தைப் பிரித்தவர் 1841இல் எழென் பெலிகோ.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாக்கிமோவ் கல்லுக்குக் கண்ணாடித் தொழிலில் கிராக்கி வந்தது. யுரேனியம் சேர்த்த கண்ணாடி மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். அரசே அவ்வூரில் யுரேனிய வண்ணத் தொழிற்சாலை நடத்தியது. வண்ணத்துக்கு யுரேனியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆலைக்கு வெளியே கொட்டினார்கள். பொலோனியமும் ரேடியமும் அந்த மிச்சத்திலேயே தங்கியிருந்தன. கியூரி இணையர் டன் கணக்கில் வரவழைத்தது இந்தக் கழிவைத்தான். 1902இல் அதிலிருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு கிடைத்தது. வெள்ளிக்காரர் கொட்டியதை வண்ணக்காரர் எடுத்தார், வண்ணக்காரர் கொட்டியதை வேதியியலார் எடுத்தார். பழைய சுரங்கங்களில் மாதிரி தேடுவோர் உள்ளே இறங்குவதைவிடக் கழிவு மேடுகளையே நாடுவதற்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது.

1906இல் அவ்வூர்ச் சுரங்க நீரில் குளிக்க மருத்துவக் குளியலகம் திறந்தார்கள். 1912இல் ரேடியத்தின் பெயரிலேயே ஒரு பெரிய விடுதி எழுந்தது. ஸ்வோர்னோஸ்ட் என்ற சுரங்கத்திலிருந்து குளியலுக்கான நீர் இன்றும் வருகிறது. இவையெல்லாம் சுற்றுலாக் கையேடுகளில் இருக்கின்றன. கையேடு புரட்டுவோர் நின்று படிக்கவேண்டிய பக்கம் வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்கு யுரேனியம் தேவைப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் புதிய அரசு அரசியல் கைதிகளை யாக்கிமோவ் சுற்றுவட்டார முகாம்களில் அடைத்துச் சுரங்கத்தில் இறக்கியது. அரசுக்குப் பிடிக்காத எழுத்தை எழுதியவர், பாதிரியார், விளையாட்டு வீரர், மாணவர் எல்லாரும் அங்கே யுரேனியம் தோண்டினார்கள். முகாம்களை அடுத்த ஓஸ்ட்ரோவில், தாதுவை நொறுக்கிப் பீப்பாயில் அடைத்த செங்கல் கோபுரத்தை மரணக் கோபுரம் என்றே அழைத்தார்கள். அது இன்றும் நிற்கிறது.

அதனால், யாக்கிமோவ் கல்லின் சீட்டில் ஆண்டு இருக்கிறதா என்று பார்ப்பது சேர்ப்பவரின் முதல் கடமை என்பேன். 1880 என்று போட்ட கல்லைக் கூலிக்கு உழைத்தவன் எடுத்தான். 1952 என்று போட்ட கல்லைத் தண்டனைக்கு உள்ளானவன் எடுத்திருக்கலாம். இரண்டும் ஒரே பிட்ச்பிளெண்ட். இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருக்க முடியாது. இரண்டாவதை விற்பவர் "அருமையான பழைய சரக்கு" என்று மட்டும் எழுதினால், வாங்குபவர் சீட்டில் இன்னொரு வரியைச் சேர்க்கவேண்டும், அந்த ஆண்டுகளில் அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர் எவர் என்று.

மலையின் மறுபக்கம் ஜெர்மானிய ஷ்னேபெர்க். அவ்வூர்த் தொழிலாளர் நடுவயதிலேயே மார்பு நோயால் இறந்தது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்திருந்தது. கார்பாத்திய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவரை இழந்த பெண்கள் இருப்பதாக அக்ரிகோலாவே எழுதியிருக்கிறார். 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் இறந்த ஷ்னேபெர்க் தொழிலாளரின் உடல்களை ஆராய்ந்து, நோய் நுரையீரலில் வளரும் புற்று என்று காட்டினார்கள். காரணம் ரேடான் வாயு என்பது உறுதிப்பட இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இந்த ஷ்னேபெர்க் பாடத்தை வீட்டு அலமாரி பற்றிப் பேசும்போது மறுபடி எடுக்கவேண்டும்.

கனிமங்களின் இனங்களைப் பற்றிச் சிறிது. கறுப்பாக, மெழுகு போட்டதுபோல் மங்கிய பளபளப்போடு, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடப் பெரிதும் கனக்கிற கல் முதல் இனம். யுரேனினைட்டும் அதன் உருண்டை வடிவான பிட்ச்பிளெண்டும் அதில் அடங்கும். இவை ஆழத்தில் பிறந்தவை. நிலத்தடி நீரும் காற்றும் பட்டு இவை கரைந்து, வேறு தனிமங்களோடு கூடி மறுபடி படிந்தால் இரண்டாம் இனம். மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை எல்லாம் இங்கேதான். சேர்ப்போரில் பெரும்பாலோர் இந்த நிறங்களில் மயங்கி உள்ளே வருகிறார்கள். பிறகுதான் கறுப்புக் கல்லின் அருமை தெரிகிறது.

இரண்டாம் இனத்தில் ஆட்டுனைட்டைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். பிரான்சின் ஓட்டன் நகருக்குப் பக்கத்தில் 1852இல் இனங்காணப்பட்டது. சுண்ணமும் யுரேனியமும் கூடிய பாஸ்பேட். சதுரமான மெல்லிய தகடுகள் விளிம்பு தூக்கி அடுக்கடுக்காக நிற்கும். பகல் ஒளியில் எலுமிச்சை மஞ்சள். அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கைக் காட்டினால் கல் முழுதும் பச்சை கலந்த மஞ்சளில் ஒளிர்ந்து, தகடுகளின் இடுக்குகள்கூடத் தெரியும். பக்கத்தில் டார்பர்னைட்டை வைத்தால் அது இருண்டே கிடக்கும். அதில் உள்ள செம்பு அந்த ஒளியைத் தணித்துவிடுகிறது. கதிர் உமிழ்வதற்கும் இந்த ஒளிர்வுக்கும் தொடர்பில்லை என்பதைப் புதியவர் இந்த இரண்டு கற்களை அருகருகே வைத்துக் கற்றுக்கொள்ளவேண்டும். கைகர் கருவி இரண்டுக்கும் இரையும், விளக்கு ஒன்றுக்குத்தான் பதில் பெறும்.

ஆட்டுனைட் தன் படிகத்துக்குள் நீரை வைத்திருக்கிறது. உலர்ந்த காற்றில் அந்த நீரில் ஒரு பகுதி போய்விடும். கனிமம் மெட்டா ஆட்டுனைட் ஆகும்.  தகடுகள் வெளிறி, விளிம்பில் பிளந்து, தொட்டால் செதில் செதிலாக உதிரும். பெட்டியின் அடியில் மஞ்சள் தூள் சேர்வதைக் கண்டவர் அதை ஊதக்கூடாது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, உறையில் மூடி வைக்கவேண்டும். சிலர் கல்லின்மேல் மெல்லிய அரக்குப் பூசித் தடுக்கிறார்கள். பூசினால் கல் நிற்கும், ஆனால் இயற்கை மேற்பரப்பு போய்விடும். எனக்குப் பூசாத கல்லே பிடிக்கும் என்றாலும், குழந்தைகள் நடமாடும் வீட்டில் பூசியதை வைப்பதே முறை. டார்பர்னைட்டும் இப்படியே நீரிழக்கும். சேகரிப்புகளில் டார்பர்னைட் என்று சீட்டு ஒட்டியவற்றில் பெரும்பாலானவை இன்று மெட்டா டார்பர்னைட் என்பதால், எடுத்தபோது இட்ட பெயரையும் இப்போது சோதித்த பெயரையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

நிறத்துக்குப் பேர்போன இன்னொரு ஊர் காங்கோவின் கட்டாங்கா மாநிலத்து ஷின்கொலொப்வே. ராபர்ட் ரிச் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் 1915இல் கண்ட இடம். 1920களில் பெல்ஜியக் கம்பெனி அங்கே தோண்டி ஓலன் ஆலையில் ரேடியம் எடுத்தது. கெண்ட் நகரத்து ஆல்ஃபிரட் ஷேப் அந்தச் சுரங்கத்து மஞ்சள்களையும் ஆரஞ்சுகளையும் ஆராய்ந்து பெயரிட்டுக்கொண்டே போனார். 1921இல் கியூரைட், 1922இல் பெக்கரலைட்டும் சாடியைட்டும், 1924இல் ஸ்க்ளோடோவ்ஸ்கைட். கதிரியக்கத்தைக் கண்ட பெக்கரல் பெயரால் ஒரு கல், அதற்குக் கணக்கு வகுத்த சாடி பெயரால் ஒரு கல், கியூரி இணையரில் கணவர் பெயரால் ஒரு கல், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரால் ஒரு கல் என்று ஒரு துறையின் வரலாறே ஒரு சுரங்கத்தின் பெயர்ப் பட்டியலாகிவிட்டது. 1940இல் ஏறத்தாழ 1,200 டன் தாது நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்குக் கப்பலேறியது. 1942இல் அதை அமெரிக்க ராணுவம் வாங்கிக்கொண்டது. அணுகுண்டுத் திட்டம் அதில் தொடங்கியது. 2004இல் கையால் தோண்டிக்கொண்டிருந்தவர்கள்மேல் சுரங்கம் சரிந்து எட்டுப் பேர் மாண்டார்கள். ஹிரோஷிமாவையும் அந்த எட்டுப் பேரையும் குறிப்பிடாமல் ஷின்கொலொப்வே கல்லைப் பற்றி எழுதும் விற்பனைப் பட்டியல்கள் எனக்குப் பொறுக்கமுடியாதவை.

ஷின்கொலொப்வேயிலிருந்து இன்னொரு கல்லையும் சொல்லவேண்டும், ஸ்டட்டைட். வெளிர் மஞ்சள் ஊசிகள், கண்ணுக்கு அப்படியொன்றும் கவர்ச்சி இல்லை. ஆனால் இது பெராக்சைடுக் கனிமம். யுரேனியத்தின் ஆல்பா கதிர் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்குகிறது. அந்தப் பெராக்சைடு யுரேனியத்தோடு சேர்ந்து இந்தக் கல்லாகிறது. தன் கதிரால் தன் மூலப்பொருளைத் தானே செய்துகொள்ளும் கனிமம். அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருள் நீரில் கிடந்தபோதும் அதன்மேல் இதே ஸ்டட்டைட் படிந்ததை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். சேகரிப்பில் ஓர் ஊசிக்கொத்து போதும்.

இப்போது வீடு. கல்லை எங்கே வைப்பது என்பது இத்துறையில் எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டும் பகுதி. ஆல்பா கதிரைக் காகிதம் தடுக்கும், தோலின் மேலடுக்கும் தடுக்கும். பீட்டாவைச் சில மில்லிமீட்டர் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும். காமா ஊடுருவும், ஆனால் தூரத்துக்குக் கட்டுப்படும். சிறிய கல்லிலிருந்து பத்து சென்டிமீட்டரில் இருக்கும் அளவு ஒரு மீட்டரில் நூற்றில் ஒரு பங்காகிவிடும். ஆகவே காமாவுக்குத் தூரமே முதல் மருந்து. அலமாரி சுவரின் மறுபக்கம் யார் தலைவைத்துப் படுக்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும்; செங்கல் சுவர் காமாவைக் குறைக்கும், முற்றும் நிறுத்தாது.

அப்படியாயின் ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர் உண்டு. போதாது. ஈயம் காமாவை நிறுத்தும், வாயுவை நிறுத்தாது. பழைய, கலையாத பிட்ச்பிளெண்டில் ஒரு கிராம் யுரேனியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 12,400 யுரேனியம் 238 அணுக்கள் சிதைகின்றன. யுரேனியத்தில் தொடங்கும் சிதைவுச் சங்கிலி சமநிலையில் இருப்பதால் அதே கணக்கில் ரேடான் அணுக்களும் பிறக்கின்றன. பெரும்பகுதி கல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், ஒரு பகுதி வெளியேறும். அதன் அரை ஆயுள் 3.8 நாள். மூடிய பெட்டிக்குள் அது சேர்ந்துகொண்டே இருந்து, ஆசையோடு பெட்டியைத் திறந்து முகத்தைக் குனிகிறவர் மூக்கில் முதலில் ஏறும். ரேடான் வாயுவாகவே வெளியேறினால் பெரிதாகக் கெடுதல் இல்லை. அது சிதைந்து பிறக்கும் பொலோனியமும் பிஸ்மத்தும் திடப்பொருள்கள், தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்குகின்றன. ஷ்னேபெர்க்கில் நடந்தது இதுவே. வீட்டுக்குள் ஒரு கனமீட்டர் காற்றில் ரேடான் 100 பெக்கரலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆகவே முறை இது. படுக்கையறை, சமையலறை, பூட்டியே கிடக்கும் சிறு அறை ஆகாது. காற்று வெளியே போகும் வழியுள்ள தனி அலமாரி, முடிந்தால் குடியிருப்போடு ஒட்டாத கொட்டகை. இழுப்பறையைத் திறக்குமுன் சன்னலைத் திறக்கவேண்டும். கல்லைத் தொடும் இடத்தில் தின்பதும் குடிப்பதும் புகைப்பதும் இல்லை. தொட்டபின் கை கழுவவேண்டும். கல்லைக் கழுவ நேர்ந்தால் பாத்திரம் துலக்கும் தொட்டியில் அல்ல. உலர்ந்த கல்லை அறுப்பதும் தேய்ப்பதும் உடைப்பதும் வீட்டு வேலையே இல்லை. வேட்டி மடிப்பிலோ சட்டைப் பையிலோ கல்லைப் போட்டுக்கொண்டு நண்பருக்குக் காட்டப் போகக்கூடாது. எத்தனை கல் வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு, ரேடான் மானி காட்டும் எண்ணே விடை. அது ஏறினால் கல் குறையவேண்டும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும், அவர்கள் சம்மதமும் வேண்டும். சம்மதிக்காத வீட்டில் ஒளித்துவைத்துச் சேர்ப்பவரை நான் சேகரிப்பாளராக ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பழைய சுரங்கத்துக்கு நேரே போய் எடுக்கலாமா? நிலத்துக்கு உரியவர் அனுமதித்தால் கழிவு மேட்டில் தேடலாம். கைவிட்ட சுரங்க வாய்க்குள் நுழையக்கூடாது. கூரை சரியும் என்பது ஒரு காரணம்; காற்றோட்டமில்லாத சுரங்கத்தில் ரேடான் தேங்கிக்கிடக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். கார்ன்வாலின் சவுத் டெர்ராஸ் போன்ற இடங்களில் ஆய்வாளரே கருவியோடும் கணக்கிட்ட நேரத்தோடும்தான் உள்ளே போகிறார்கள். இந்தியாவில் வாழும் வாசகர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: இங்கே யுரேனியமும் தோரியமும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்கள், உரிமமின்றித் தனியார் வைத்திருக்கலாகாது. யாக்கிமோவ் போனவர் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும், பையில் கொண்டுவரவேண்டாம்.

தமிழருக்கு இத்துறையில் நேரான ஒரு சொந்தம் உண்டு. ஆனந்த குமாரசுவாமியை நடராசர் தாண்டவம் பற்றி எழுதியவராகவே நாம் அறிவோம். 1877இல் கொழும்பில், சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அவர் படித்தது நிலவியல். இருபதுகளிலேயே இலங்கைக் கனிமவியல் அளவாய்வுத் துறையின் இயக்குநர். சபரகமுவ மாகாணத்தில், பலாங்கொடைப் பக்கம், இரத்தினக்கல் அரிக்கும் ஆற்றுச் சரளையில் கனத்த கறுப்புக் கனசதுரங்கள் கிடைத்தன. அவர் அவற்றை முதலில் யுரேனினைட் என்றே கருதினார். லண்டனில் சோதித்தபோது யுரேனியத்தைவிடத் தோரியமே மிகுந்திருந்தது. 1904இல் விண்டம் டன்ஸ்டன் அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார். மறு ஆண்டு, லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்தில் இருந்த ஓட்டோ ஹான் என்ற இளைஞர் இந்த இலங்கைக் கல்லில் ரேடியத்தைப் பிரிக்கப் போய் ரேடியோதோரியத்தைக் கண்டார். ஹான் வேதியியலிலிருந்து கதிரியக்கத்துக்குத் திரும்பியது இந்தக் கல்லால்.

1907இல் யேல் பல்கலைக்கழகத்தின் பெர்ட்ராம் போல்ட்வுட், கனிமத்தில் யுரேனியத்துக்கு ஈயம் எத்தனை பங்கு என்று பார்த்து வயது சொல்லும் முறையை வெளியிட்டார். அவர் பட்டியலில் எல்லாவற்றிலும் முதியது இலங்கைத் தோரியனைட், 220 கோடி ஆண்டு. உண்மையில் அதன் வயது சுமார் 55 கோடி ஆண்டு. தோரியமும் சிதைந்து ஈயமாகும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் கல்லின் ஊரைச் சரியாக எழுதியிருந்தார். அதனால்தான் பின்வந்தோர் அதே சரளைக் கல்லை எடுத்து மறுபடி கணக்கிட முடிந்தது.

1914இல் ஹார்வர்டின் தியோடர் ரிச்சர்ட்ஸ் இன்னும் நுட்பமாக ஒன்று செய்தார். வெவ்வேறு ஊர்க் கனிமங்களிலிருந்து ஈயத்தைப் பிரித்து அதன் அணு எடையை அளந்தார். சாதாரண ஈயம் 207.15. வட கரோலினா யுரேனினைட்டின் ஈயம் 206.40, யோவாகிம்ஸ்தால் பிட்ச்பிளெண்டின் ஈயம் 206.57, இலங்கைத் தோரியனைட்டின் ஈயம் 206.82. ஒரு தனிமத்துக்கு ஓர் அணு எடைதான் என்று நூறாண்டாகச் சொல்லிக்கொடுத்த வேதியியல் அன்று திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணுக்கள் உண்டென்ற சாடியின் கருத்து இப்படி நிறுவப்பட்டது. 1921ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு சாடிக்குக் கிடைத்தது. மரி கியூரியின் அட்டவணைபோலவே இதுவும் ஊர்ப்பெயர்களால் ஆனது. யாரோ ஒருவர் கறுப்புக் கல்லைச் சரளையிலிருந்து எடுத்த அன்றே ஊரை எழுதிவைத்ததால் நின்ற அட்டவணை.

ஆகவே சீட்டை எழுதும் முறையோடு முடிக்கிறேன். கனிமத்தின் பெயர், சுரங்கம், தெரிந்தால் நரம்பும் ஆழமும், ஊர், எடுத்த ஆண்டு, எடுத்தவர், கை மாறிய வரிசை. கதிர்க்கல்லுக்கு மேலும் இரண்டு வேண்டும்: எடை, எந்தக் கருவியில் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு காட்டியது, எந்த நாளில். பழைய சீட்டில் ஆஸ்திரியா என்று இருந்தால் செக் குடியரசு என்று திருத்தக்கூடாது; 1918க்கு முன் எடுத்த கல் அது என்பதற்கு அதுவே சான்று. பழைய சீட்டு தவறாக இருந்தாலும் கிழிக்காமல், சரியானதைத் தனிச் சீட்டில் எழுதிக் கூட வைக்கவேண்டும். கல்லின் அடியில் சிறு எண்ணைத் தீட்டி, அதே எண்ணைப் பதிவேட்டிலும் எழுதவேண்டும், சீட்டும் கல்லும் பிரிந்தாலும் சேர்க்க முடியும்.

யுரேனியம் 238இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. சேர்ப்பவர் எழுபது, எண்பது வயதில் போய்விடுவார். கல் அன்று காலை எப்படி இருந்ததோ அப்படியே மறுநாளும் இருக்கும். அலமாரியைத் திறப்பது அதுவரை அதைத் தொடாத மகளாகவோ மருமகனாகவோ இருக்கும். அவர்களுக்கு எது கதிர்க்கல், எது வெறும் குவார்ட்ஸ் என்று தெரியாது. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடுவார்கள், அல்லது பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பார்கள். அதனால் பதிவேட்டை இரண்டு படி எடுக்கவேண்டும். ஒன்று அலமாரியில் இருக்கட்டும். மற்றொன்றின் முதல் பக்கத்தில், எந்த எண்ணுள்ள கற்கள் கதிர் வீசுபவை, அவற்றை எந்த அருங்காட்சியகமோ பல்கலைக்கழகத் துறையோ ஏற்க முன்கூட்டியே இசைந்திருக்கிறது, யாருக்குத் தொலைபேச வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கவேண்டும்.